மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஆங்கில இடியம்ஸ் (மரபுத்தொடர்) புத்தகம்: வாங்கலாமா?

சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமாக 80 ரூபாய்க்குக் கிடைத்தது. தமிழ் விளக்கங்கள் தெளிவு: 'ஸ்பில் தி பீன்ஸ்' என்றால் ரகசியத்தை உளறிவிடுவது, 'பீஸ் ஆஃப் கேக்' ரொம்பச் சுலபமான வேலை, 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' அத்தி பூத்தாற்போல. சரி, இதுவரை ஓகே.

ஆனால் ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமியிலிருந்துதான் இந்த ப்ளூ மூன் சொல்வழக்கு பிறந்தது என்று அடித்துச் சொல்கிறார்கள் பாருங்கள், அது தப்பு. வழக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது, இரண்டாவது பௌர்ணமிக் கணக்கோ 1946இல் ஒரு அமெரிக்க வானியல் இதழ் அந்த ஊர்ப் பஞ்சாங்கம் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுதியதால் பரவியது.

அதைவிடப் பெரிய குறை, எதை எங்கே சொல்லலாம் என்று ஒரு வரிகூட இல்லை. 'கிக் தி பக்கெட்' என்பதற்கு 'இறத்தல்' என்று மட்டும் போட்டிருக்கிறது. அது நம்ம ஊர் 'மண்டையைப் போட்டார்' ரகம்! இதை நம்பி யாராவது மேனேஜருக்கு இரங்கல் மெயில் எழுதினால் கதை கந்தல். 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (மழை கொட்டோ கொட்டென்று கொட்டுவது) மாதிரி இன்றைக்குப் பழசாகத் தெரியும் வழக்குகளுக்கும் அப்படியொரு குறிப்பு கிடையாது.

கதை, செய்தி படிக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள வாங்கலாம். இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம். அப்புறம், பைண்டிங் ஏற்கெனவே பிரிகிறது.