சட்டமும் பிரெஞ்சும்: ஐந்தாண்டுப் படிப்பா, பி.ஏ. முடித்து எல்.எல்.பி.யா?

ஊட்டி, குன்னூர் பக்கம் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்துப் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளில் சிலருக்குச் சட்டத்தின் மேலும் ஆசை இருக்கும். இரண்டையும் விடாமல் படிக்க நம் ஊரில் இரண்டு வழிகள். ஐந்தாண்டு பி.ஏ. எல்.எல்.பி.யில் சேர்ந்து பிரெஞ்சைப் பகுதிநேரமாகத் தொடர்வது ஒன்று. முதலில் பி.ஏ. பிரெஞ்சு, பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி. என்பது மற்றொன்று. இங்கிலாந்தில் இரண்டும் சேர்ந்த பட்டமே உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இரண்டு வருடம் அங்கே, இரண்டு வருடம் பாரிஸில் என்று நான்கு வருடம். செலவை விடுங்கள், அந்தப் பட்டத்தோடு இந்தியாவில் வக்கீலாகப் பதிய இந்திய பார் கவுன்சிலின் தனித் தகுதித் தேர்வு எழுத வேண்டும். உதகையிலோ கோவையிலோ கறுப்புக் கோட்டு மாட்ட நினைப்பவர்களுக்கு அது சுற்றுவழி.

என் ஓட்டு ஐந்தாண்டுப் படிப்புக்கு. ஒரு வருடம் மிச்சம் என்பது சின்னக் காரணம்தான். பெரிய காரணம், கற்ற மொழி துருப்பிடிக்காமல் இருப்பது.

பி.ஏ.வில் பிரெஞ்சு நன்றாக ஏறும். ஹைதராபாத் இஃப்லு (ஆங்கிலம், அயல்மொழிகளுக்கான பல்கலைக்கழகம்), டெல்லி ஜே.என்.யு. போன்ற இடங்களில் இடம் கிடைத்தால் அதில் சந்தேகமே இல்லை. அடுத்த மூன்று வருடம்தான் சிக்கல். சிவில் புரொசீஜர், எவிடென்ஸ், மூட் கோர்ட் என்ற மாதிரி வழக்காடல், ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை என்று நாள் ஓடிவிடும். முதலில் போவது காது. வாசித்தால் புரிகிறவருக்கே வேகமான பேச்சு பிடிபடாமல் போகும். டெல்ஃப் என்ற பிரான்ஸ் அரசின் பிரெஞ்சுத் தேர்ச்சிச் சான்றிதழ் காலாவதி ஆகாது என்பதால் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். பிரான்ஸில் மேற்படிப்புக்கான நேர்முகத்தில் சாயம் வெளுக்கும்.

ஐந்தாண்டு வழியில் கணக்கு வேறு. டெல்ஃப் பி2 (மொழித் தேர்ச்சியின் ஆறு நிலைகளில் நான்காவது) எட்டச் சுமார் 600 மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். வாரம் 3 மணி, வருடத்துக்கு 40 வாரம், ஐந்து வருடம்: 600. பள்ளியிலேயே ஏ2 (இரண்டாம் நிலை) அளவு படித்தவர்கள் நான்காம் வருடத்திலேயே எட்டிவிடலாம். செமஸ்டர் தேர்வு வாரங்களைக் கழித்துத்தான் 40 போட்டிருக்கிறேன். தேர்வு முடிந்ததும் மறுபடி தொடங்காமல் விடுவதில்தான் பெரும்பாலும் அறுந்துபோகும்.

சேருமுன் ஒரு விதியைப் பார்த்துவிடுங்கள். பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளில் 6ஆம் விதி, சட்டப் பட்டத்தோடு வேறொரு ரெகுலர் படிப்பில் பதிவதைத் தடுக்கிறது. குறுகிய காலப் பகுதிநேர மொழி, கணினிச் சான்றிதழ்களுக்கும் தொலைநிலைப் படிப்புக்கும் மட்டும் விலக்கு. ஆகவே அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையம் நடத்துவது மாதிரியான பகுதிநேர வகுப்பு போதும். கோவை அரசு சட்டக் கல்லூரி விடுதியில் இருந்துகொண்டே ஆன்லைனில் படிக்கலாம். டெல்ஃப் தேர்வை நேரில்தான் எழுத வேண்டும். சென்னையில் எழுதுவதானால் மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் முந்தின இரவே கிளம்பிவிடலாம். ஆனாலும் ஒரு நாள் முன்னதாகப் போவது நல்லது, தூக்கமில்லாத காதுக்குக் கேட்டல் பகுதி கொடுமை.

சட்டப் பாடத்தையே பிரெஞ்சுப் பயிற்சியாக்கலாம் என்பது இந்த வழியின் இன்னொரு லாபம். முதல் வருடங்களில் 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் வரும். பிரெஞ்சு அரசின் சட்டத் தளமான லெஜிஃப்ரான்ஸில் அவர்களுடைய சிவில் கோடு (உரிமையியல் சட்டத் தொகுப்பு) இலவசம். 1101ஆம் ஷரத்திலிருந்து வாரம் ஐந்து ஷரத்து வாசியுங்கள். ஒப்பந்தம் செல்ல என்ன வேண்டும் என்று சொல்லும் நம் 10ஆம் பிரிவின் பக்கத்தில் அவர்களுடைய 1128ஐ வையுங்கள்: சம்மதம், தகுதி இரண்டிலும் உண்டு. நம் சட்டம் கேட்கும் கன்சிடரேஷன், அதாவது பதிலுக்குத் தரும் பிரதிபலன், அங்கே இல்லை. பி2வில் எழுத்து என்பது 250 வார்த்தைக்குக் குறையாத வாதம், வாய்மொழி என்பது ஒரு கருத்தைத் தாங்கிப் பேசுவது. மூட் கோர்ட் பழகியவர்களுக்கு இது கைவந்த வேலை.

கேட்டல், வாசித்தல், எழுத்து, வாய்மொழி என்று டெல்ஃபின் நான்கு பகுதிக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தாலும் ஏதாவது ஒன்றில் 5க்குக் கீழே போனால் தோல்வி. பி2வை நான்காம் வருடக் கடைசியில் எழுதுங்கள். தவறினால் ஐந்தாம் வருடத்தில் இன்னொரு முறை எழுத நேரம் இருக்கும்.

பிரெஞ்சு ஆசிரியராகவோ மொழிபெயர்ப்பாளராகவோ போக மனம் பாதி சாய்கிறவர்கள் மட்டும் பி.ஏ. வழியில் போகலாம். எல்.எல்.பி. பிடிக்காமல் போனாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும்.