புரட்டாசி விரதத்தோடு ரியோஹாவில் ஆறு நாள்: ஒரு மிதிவண்டிப் பயணச் சேவையின் மதிப்பீடு

டர்பனிலிருந்து நாங்கள் நால்வர், நானும் என் மனைவியும், என் மைத்துனரும் அவர் மனைவியும், சென்ற செப்டம்பர் இறுதியில் ஸ்பெயினின் வடக்கே உள்ள லா ரியோஹாவுக்குப் போய், திராட்சைத் தோட்டங்களுக்கும் பழைய ஊர்களுக்கும் இடையே ஆறு நாள் மிதிவண்டியில் சுற்றி வந்தோம். வழிகாட்டி யாரும் கூட வராத பயணம் இது. லோக்ரோனியோ நகரிலுள்ள ஒரு சிறு நிறுவனம் மிதிவண்டியையும், ஜிபிஎஸ் கருவியில் ஏற்றிய வழித்தடத்தையும், ஊருக்கு ஊர் தங்கும் விடுதியையும் ஏற்பாடு செய்து, பெட்டிகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மிதிப்பது நம் பாடு. குறைகளும் சொல்ல இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அந்தப் பகுதியில் இதே முறையில் பயணம் நடத்துவோர் பலர் உண்டு. எவரிடம் பதிவு செய்தாலும் நான் சொல்வது பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் வண்டி. எங்கள் உயரத்தையும் கால் நீளத்தையும் முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தார்கள். ஆயினும் அந்த அளவுகளை அப்படியே நம்பிவிடாமல், பட்டறையில் ஒவ்வொருவரையும் வண்டியில் ஏற்றி உட்கார வைத்து, முழங்காலின் முன்புறத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டை நூலில் தொங்கவிட்டு, அது பெடலின் அச்சுக்கு நேரே விழும் வரை சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பூட்டினார் மெக்கானிக். நால்வருக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆறு நாளும் என் முழங்கால் வலிக்காததற்கு அந்த நூலே காரணம். கார்பன் சட்டம், டிஸ்க் பிரேக், பின்சக்கரத்தில் 34 பற்கள் வரை போகும் கேசட் என்னும் பற்சக்கரத் தொகுதி ஆகியவை இருந்ததால், மேடுகளில் இறங்கித் தள்ளும் நிலை யாருக்கும் வரவில்லை. மைத்துனர் மனைவிக்கு மின்மோட்டார் வைத்த வண்டி. அதன் பேட்டரி ஒரு நாளும் பாதி வழியில் தீரவில்லை.

ஆனால் இந்தச் சேவையில் உண்மையில் விலை மதிப்புள்ளது வழித்தடம்தான். லோக்ரோனியோவிலிருந்து மேற்கே உள்ள ஆரோ என்னும் ஊர் வரை என்-232 என்ற நெடுஞ்சாலை நேராகப் போகிறது. வாகனங்கள் ஓயாமல் ஓடும் சாலை அது. வழியை வகுத்தவர் அதைக் கூடியவரை தவிர்த்து, டிராக்டரும் மிதிவண்டியும் மட்டுமே விரும்பிப் போகக்கூடிய கிளைச் சாலைகளாகத் தேடிக் கோத்திருந்தார். முதல் நாள் லோக்ரோனியோவிலிருந்து லாகுவார்தியாவுக்கு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 380 மீட்டரில் கிளம்பி 630 மீட்டருக்கு ஏற வேண்டும். எங்கள் டர்பன் பக்கத்து அமாஷோவா மிதிவண்டிப் பந்தயத்தின் 106 கிலோமீட்டரில் இஞ்சாங்கா மேட்டை ஏறிப் பழகியவர்களுக்கு இது பெரிய ஏற்றம் அன்று. இருந்தாலும் குன்றின் உச்சியில் மதிலோடு நிற்கும் ஊரைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் மிதிப்பது ஒரு தனிச் சுகம். வடக்கே கந்தாப்ரியா மலைத்தொடர் சுவர்போல் எழுந்து, கடலிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. அந்தச் சுவரின் மறைவில்தான் இத்தனை திராட்சையும் விளைகிறது.

சாலைப் பாதுகாப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் டர்பனுக்கு வடக்கே உம்லாங்காவுக்கு அப்பால் கரும்புத் தோட்டங்களுக்கிடையே ஞாயிறு விடியற்காலையில் மட்டும் வண்டி எடுக்கத் துணிபவன் நான். ஸ்பெயினில் மிதிவண்டியை முந்தும் கார் குறைந்தது 1.5 மீட்டர் விலகிப் போக வேண்டும் என்பது சட்டம். இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டவும் அனுமதி உண்டு. ஊருக்கு வெளியே தலைக்கவசம் கட்டாயம். சட்டம் எந்த நாட்டிலும் இருக்கும். இங்கே வளைவுகளில் எங்கள் பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்காமல், வழி தெளியும் வரை பொறுமையாகக் காத்திருந்ததைப் பார்த்தபோதுதான் என் மனைவியின் தோள்கள் தளர்ந்தன. சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதற்கு ஒரு நாள் பழக்கம் போதும். வட்டச் சந்திப்புகளில் மட்டும் இரண்டாம் நாள் வரை கவனம் தேவை.

நாங்கள் போனது அறுவடைக் காலம். திராட்சை குவிந்த டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு சிறு டிராக்டர்கள் எதிரே வந்தபடி இருந்தன. வளைவுகளில் நசுங்கிய பழச்சாறு தாரில் ஒழுகிக் காய்ந்து, அதன்மேல் ஏறிய டயர் பிசுபிசுவென்று ஒட்டிப் பிரிந்து ஒலிக்கும். குளவிகள் அதை மொய்த்திருக்கும். ஈரமாக இருந்தால் வழுக்கும் என்று வழிக்குறிப்பில் எச்சரித்திருந்தார்கள், நல்ல காரியம். கொடிகள் பந்தலில் ஏறாமல் இடுப்புயரப் புதர்களாக நிற்கும் பழைய தோட்டங்களில் கையால்தான் பறிக்கிறார்கள். குனிந்து பறித்துக்கொண்டிருந்தவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து பருவ வேலைக்கு வந்தவர்கள். கரும்பு வெட்டிய தாத்தாவின் பேரன் அந்த முதுகுகளைப் பார்க்காமல் தோட்டத்தின் அழகை மட்டும் பார்த்துவிட்டு வர முடியாது.

இனிக் குறைகள். வழியை வகுத்தவருக்குத் தெரிந்த சாலை, நேர அட்டவணையைப் போட்டவருக்குத் தெரியவில்லை. லாகுவார்தியாவின் சாந்தா மரியா தேவாலய வாயிலில் வண்ணம் தீட்டிய கற்சிற்பங்கள் இருக்கின்றன. நம் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, ஐரோப்பாவில் கல்லில் இத்தனை நிறம் மங்காமல் நிற்பது பெரிய வியப்பு. எங்கள் அட்டவணைப்படி பிற்பகல் இரண்டரை மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். அப்போது தேவாலயமும் பூட்டு, கடைகளும் பூட்டு. இரண்டிலிருந்து ஐந்து வரை ஊரே கதவடைக்கும் நாட்டில் இப்படி ஓர் அட்டவணையா? அங்கே இரண்டு இரவு தங்கியதால் மறுநாள் காலை பார்த்துவிட்டோம். மூன்றாம் நாள் பிரியோனெஸ் வழியாக ஆரோவுக்குப் போவதையும் பிற்பகலில் வைத்திருந்தார்கள். வடமேற்குக் காற்று நேர் முகத்தில் அடித்தது. காலையில் கிளம்பியிருந்தால் பாதி உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

உணவில் நேர்ந்தது இதைவிட வருத்தம். புரட்டாசி மாதம் என்பதால் நாங்கள் இறைச்சி, மீன், முட்டை, மது எதையும் தொடுவதில்லை என்று பதிவு செய்தபோதே எழுதியிருந்தோம். சரி என்று பதிலும் வந்தது. முதல் இரவு மேசைக்கு வந்தது கப்பரோனெஸ் என்னும் சிவப்பு பீன்ஸ் குழம்பு. பார்வைக்கு நம் வீட்டு சுகர் பீன்ஸ் கறி போலவே இருந்தது, கரண்டியை விட்டதும் சோரிசோ என்னும் பன்றி இறைச்சித் துண்டு மேலே வந்தது. விடுதிக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. அங்கே ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் ஹமோன் என்னும் பதப்படுத்திய பன்றித்தொடையையும் சூரை மீனையும் பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ, சின் உவேவோ’ (இறைச்சி, ஹமோன், மீன், முட்டை இல்லாமல்) என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும். அதைக் கற்றபின் நன்றாகவே சாப்பிட்டோம்: சுட்டுத் தோலுரித்த பிக்கியோ மிளகாய், வெள்ளை அஸ்பாரகஸ், லோக்ரோனியோவின் லவுரல் தெருவில் பூண்டு எண்ணெயில் வாட்டி ரொட்டிமேல் அடுக்கித் தரும் காளான், மேலே குத்தும் இறால் இல்லாமல்.

மது அருந்தாதவர் மதுநாட்டுக்குப் போவானேன் என்று உறவினர் கேட்டார்கள். தோட்டமும் ஊரும் சாலையும் யாவருக்கும் உரியவை என்பதே என் பதில். லாகுவார்தியாவின் தெருக்களுக்கு அடியில் இருநூறுக்கும் மேற்பட்ட நிலவறைகள் குடைந்திருப்பதால் ஊருக்குள் கார்களை விடுவதில்லை. குறுகிய படிகளில் இறங்கும்போதே வெயிலில் எரிந்த கைகளில் குளிர் படியும். பிரான்சின் திராட்சையைப் பூச்சிநோய் அழித்தபோது போர்தோ வணிகர்கள் ரியோஹாவைத் தேடி வந்ததையும், 1877, 1879 போன்ற ஆண்டுகளில் தொடங்கிய மதுக்கூடங்கள் ஆரோ ரயில் நிலையத்தைச் சுற்றி ஏன் நெருங்கி நிற்கின்றன என்பதையும் அறிந்துகொள்ளக் கோப்பை தேவையில்லை. மதுக்கடைகளிலேயே மோஸ்தோ என்னும் புளிக்காத திராட்சைச்சாறும் கிடைக்கிறது. ஆனால் எங்கள் கட்டணத்தில் இரண்டு மதுச் சுவைப்பு நிகழ்ச்சிகள் அடங்கியிருந்தன. அவற்றை நீக்கவோ தொகையைக் குறைக்கவோ நிறுவனம் இசையவில்லை. இது நியாயமன்று.

வழியிலுள்ள சாந்தோ தொமிங்கோ தெ லா கல்சாதா ஊரின் பேராலயத்தில் உயிருள்ள சேவலையும் கோழியையும் கூண்டில் வளர்ப்பதைப் பார்க்கலாம். கால் மணி நேரம் போதும். சான் மில்யான் என்னும் ஊருக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள். 1997இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த சூசோ, யூசோ மடங்கள் அங்கே உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு துறவி லத்தீன் நூலின் ஓரங்களில் மக்கள் பேசிய மொழியில் பொருள் குறித்து வைத்தார். ஸ்பானிய மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்றாக அதைப் போற்றுகிறார்கள். இடையில் பாஸ்க் மொழிச் சொற்களும் உண்டு. என் தாயார் தம் தேவாரப் புத்தகத்தின் ஓரங்களில் ஆங்கிலத்தில் பொருள் எழுதி வைத்திருப்பது நினைவுக்கு வந்து, அங்கே வெகுநேரம் நின்றேன்.

தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அறுவடைக் காலத்தில் விடுதிகள் விரைவில் நிரம்புவதால் இரண்டையும் முன்னதாகவே தொடங்கிவிடுங்கள். பில்பாவோவில் இறங்கினால் லோக்ரோனியோவுக்குப் பேருந்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பெடலையும் ஷூவையும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். காலை எட்டரைக்கே வண்டியில் ஏறும்படி அட்டவணையை மாற்றித் தரச் சொல்லி, உணவுக் குறிப்பை ஒவ்வொரு விடுதிக்கும் நீங்களே நேரடியாக எழுதிவிடுங்கள். அந்த இரண்டையும் நிறுவனத்திடம் விடாமல், வண்டியையும் வழியையும் மட்டும் அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டு, அடுத்த முறை அதே மெக்கானிக்கிடம்தான் நான் போவேன்.