கோடையில் ஊருக்கு: அறை, கரன்ட், உடம்பு

குளிர்நாட்டிலிருந்து கோடையில் ஊருக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரம்தான் கண்டம். "இதெல்லாம் ஒரு வெயிலா" என்று ஊரில் இருப்பவர்கள் சொல்வது வீம்பில்லை, அவர்கள் உடம்பு பழகியிருக்கிறது. வந்தவருக்குப் பழக 7 முதல் 14 நாள் பிடிக்கும். அதற்குள் வியர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்கும், அதோடு வெளியேறும் உப்பும் குறையும். அலைச்சலான வேலைகளை முதல் மூன்று நாளிலேயே முடித்துவிடப் பார்ப்பதுதான் பலரும் செய்கிற தப்பு.

அறை பதிவு செய்யும்போது "ஏசி உண்டா" என்று கேட்டால் "உண்டு" என்றுதான் பதில் வரும். கரன்ட் போனால் ஜெனரேட்டர் ஏசிக்கும் ஓடுமா, லைட், ஃபேனுக்கு மட்டுமா என்று கேளுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டவே வேண்டாம். பகலெல்லாம் காங்கிரீட் வாங்கிய சூட்டை ராத்திரியில்தான் உள்ளே இறக்கும். கீழ்த்தளத்தில் ஒரு டன் ஏசி சமாளிக்கிற அதே அளவு அறைக்கு அங்கே ஒன்றரை டன்னும் திணறலாம்.

காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லையா? மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்தால் காற்றோட்டம் குறைந்து காயிலில் (உள்ளே குளிர்கிற குழாய்ச் சுருளில்) ஐஸ் கட்டும். ஃபேன் மோடில் மட்டும் ஓடவிட்டால் ஐஸ் உருகும். ஃபில்டரைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். வந்ததும் வராததுமாக "கேஸ் போடணும்" என்கிறவரிடம் எங்கே லீக் என்று கேளுங்கள். மூடிய குழாய்க்குள் சுற்றுகிற கேஸ் தானாகத் தீராது. லீக்கை அடைக்காமல் நிரப்பினால் அந்தக் காசும் காற்றோடு போகும். 27 டிகிரியில் வைத்து ஃபேனையும் சேர்த்துப் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலோருக்கு அது போதும்.

உறவினர் வீட்டில் தங்கினால் இன்வெர்ட்டர் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 1,800 வாட்-மணி. 75 வாட் ஃபேன் மூன்று ஓடினால் கணக்குப்படி 8 மணி நேரம். நடைமுறையில் 5 வந்தால் பெரிது, பழைய பேட்டரி என்றால் அதுவும் வராது. கரன்ட் குறைவாக எடுக்கும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட்தான் எடுக்கும். வெளியே 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் வெறும் ஃபேன் சுடுகாற்றைத்தான் மேலே வீசும். தோலை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நிறைய வியர்த்தால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது, ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட் வைத்திருங்கள். உறையில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாதித் தண்ணீரில் கரைத்தால் உப்பு கூடிக் கெடுதலாகும். நீர் பிரியும் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்புமுன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். நிறுத்திவைத்த காரில் இன்சுலினை விடாதீர்கள். குழந்தையை ஐந்து நிமிடம்கூட விடக்கூடாது.

பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறது, உடம்பு கொதிக்கிறது என்றால் அது வெப்பத் தாக்கு. பாராசிட்டமால் வேலை செய்யாது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை சும்மா இருக்காமல் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.