சேசிஸ் துருவைக் கறுப்புப் பூச்சில் மறைத்துத் தருகிறார்கள் – பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய பிக்கப்பின் துருப்பிடித்த பின்பாடியை (லோடு ஏற்றும் பெட்டி) கழற்றி வேறு பாடி மாற்றி, சேசிஸையும் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) சரிபண்ணித் தருகிறோம் என்று சொல்லும் பட்டறையில் வண்டியை விடப்போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குச் செய்துகொடுத்த வேலையை நம்பி இன்னும் கொஞ்ச காலம் லோடு ஏற்றியிருந்தால், ஓடுகிற ஓட்டத்தில் வண்டி நடுவில் மடிந்திருக்கும். பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் அதில்தான்.

வண்டியின் நிலை இதுதான். என்ஜினும் கியர்பாக்ஸும் நல்ல கண்டிஷன். ஆனால் பின்பாடியின் தரைத்தகடு, அதன்மேல் போடும் லைனர் உறைக்கு அடியில் சல்லடையாகிவிட்டது. பிளாஸ்டிக் லைனர் போட்ட வண்டிகளில் இது சகஜம். லைனருக்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீரும் மண்ணும் புகுந்து தங்கிவிடும், காய வழியே இருக்காது. மேலே இருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். சேசிஸில் பின் ஆக்சிலுக்கு மேலேயும், கமான் பட்டையின் (பின் ஸ்பிரிங்) பிராக்கெட் உட்காரும் இடங்களிலும் துரு செதில் செதிலாகப் பெயர்ந்துகொண்டிருந்தது.

பட்டறைக்காரர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "பாடியைக் கழட்டிட்டா சேசிஸ் முழுசும் கண்ணுக்குத் தெரியும் சார். மணல் பிளாஸ்டிங் அடிச்சு வெறும் இரும்பாக்கிட்டு, அரிச்ச இடத்தை வெட்டி எடுத்து புதுத் தகடு வச்சு வெல்டு பண்ணி, எப்பாக்ஸி பிரைமர் அடிச்சு, அதுக்கு மேல பெயிண்ட். அப்புறம் நீங்க கீழ குனிஞ்சே பாக்க வேணாம்." மணல் பிளாஸ்டிங் என்றால் காற்றழுத்தத்தில் மணலைப் பீச்சித் துருவை உரிப்பது, எப்பாக்ஸி பிரைமர் என்பது துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு. சொன்ன முறையில் ஒரு குறையும் இல்லை. தெரிந்த ஆள் பேசுகிற பேச்சு அது. அந்த முறைக்குத்தான் விலை பேசினோம், அந்த முறைக்குத்தான் பெரும்பங்கு முன்பணமும் கொடுத்தேன்.

வேலை நடக்கும்போது நேரில் பார்க்கவே விடவில்லை. பிளாஸ்டிங்குக்கு வெளியே போயிருக்கிறது, பெயிண்ட் காய்கிறது, தூசி விழும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். கேட்டதும் ஒரு படம் மட்டும் போனுக்கு வந்தது. மணல் அடித்து ஒரே சாம்பல் நிறமாக நிற்கும் சேசிஸ், பொட்டு துரு இல்லை. அது என் வண்டியே இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. என் வண்டியில் ஸ்டெப்னியைத் தொங்கவிடும் சங்கிலி விஞ்ச் சேசிஸின் கடைசிக் குறுக்குச் சட்டத்துக்கு (கிராஸ் மெம்பர்) முன்னால் தனி பிராக்கெட்டில் இருக்கும். படத்தில் அந்த பிராக்கெட்டும் இல்லை, அதற்கான ஓட்டைகளும் இல்லை.

வண்டி கைக்கு வந்தபோது அடிப்பக்கம் முழுக்க கன்னங்கரேல் என்று, தொட்டால் ரப்பர் போல இருக்கும் தடித்த பூச்சு. பின்பாடி உள்ளேயும் ஸ்பிரே லைனர் என்கிற தடித்த பூச்சு அடித்திருந்தார்கள். பார்க்க அம்சமாக இருந்தது.

முதலில் மாறினது லைட். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்தது. அப்புறம் லோடு ஏற்றிய நாட்களில் பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் ஒரு முனகல் சத்தம். அடுத்தபடியாகக் கேபினுக்கும் பின்பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அது மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கவேண்டும். லோடு ஏறினால் மேலே குறுகி, கீழே அகன்றது. உங்கள் வண்டியிலும் அப்படித் தெரிந்தால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். பாடி போல்ட்டு தளர்ந்திருந்தாலும் இடைவெளி மாறலாம்தான். ஆனால் லோடுக்குத் தகுந்தபடி மாறுகிறது என்றால் சேசிஸ் வளைகிறது என்று சந்தேகப்பட்டே ஆகவேண்டும்.

வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். வயதானவர். வண்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டு, சின்னச் சுத்தியலால் சேசிஸ் சேனலை (நீளவாட்டில் ஓடும் சட்டம்) முன்பக்கமிருந்து தட்டிக்கொண்டே வந்தார். கேபினுக்கு அடியில் ணங் ணங் என்று கேட்டது. பின் ஆக்சிலை நெருங்க நெருங்க சத்தம் செத்து, தொப் தொப் என்றது. பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து அந்த இடத்தில் வைத்தார், நிற்கவில்லை, கீழே விழுந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். கறுப்புப் பூச்சு தோல் மாதிரி உரிந்து வந்தது, அதற்குப் பின்னால் பள்ளம் நிரப்பும் பட்டி, பட்டிக்குள் ஃபைபர் வலை, அதற்கும் பின்னால் ஈரமான செந்துருக் குப்பை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. இழுத்ததும் பழுப்புத் தண்ணீர் அவர் மணிக்கட்டில் வடிந்தது. "தம்பி, இதுல லோடு வேற ஏத்தினீங்களா?" என்றார்.

இன்னொரு பக்கம் தகடு வைத்திருந்தார்கள்தான். ஆனால் அது கதவுக்கும் மட்கார்டுக்கும் போடுகிற மெல்லிய பாடித் தகடு. சேசிஸ் சேனல் அதைப்போலப் பல மடங்கு கனம். அந்த மெல்லிய தகட்டையும் துருவின் மேலேயே வைத்து, சுற்றிலும் நாலைந்து புள்ளி வெல்டு. துருவின் மேல் வெல்டு பிடிக்காது. விரலால் நெம்பியதும் கழன்று வந்தது.

துருவின் மேல் தடித்த பூச்சு அடிப்பதால் அழகு கிடைக்காவிட்டாலும் பாதுகாப்பாவது கிடைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. துரு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதை மேலே தார் அல்லது ரப்பர் பூச்சால் மூடினால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லை. பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், புதுத் தண்ணீரும் உள்ளே இறங்கும். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு இடம் எடுத்துக்கொள்வதால், இரண்டு தகடு ஒட்டி நிற்கும் இடங்களில் அதுவே தகட்டைப் பிளந்து உப்ப வைக்கும். இவ்வளவும் பூச்சுக்குப் பின்னால் நடப்பதால் யார் கண்ணுக்கும் படாது. வெறும் துருவோடு விட்டிருந்தால்கூட அடுத்த சர்வீஸில் யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.

சேசிஸ் துரு அலட்சியப்படுத்துகிற விஷயம் இல்லை என்பதற்கு டொயோட்டாவே சாட்சி. டகோமா, டன்ட்ரா பிக்கப்களின் சேசிஸ் அளவுக்கு மீறித் துருப்பிடிக்கிறது என்று அமெரிக்காவில் வழக்குப் போனது. 2016-ல் அந்த நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. சுமார் 15 லட்சம் வண்டிகள் அதற்குள் வந்தன, மொத்த மதிப்பு 300 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். அரித்து ஓட்டை விழுந்த சேசிஸுக்குப் பட்டி போட்டுத் தருகிறோம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, சேசிஸையே மாற்றித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

ஒழுங்கான வேலை எப்படி இருக்கும் என்பதை அந்த வயதான மெக்கானிக் வேலை செய்த இரண்டாவது பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்தேன். பாடியைத் தூக்கியதும் பெட்ரோல் டாங்க், பிரேக் லைன், ஒயரிங் எல்லாவற்றையும் சேசிஸிலிருந்து பிரித்தார்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றினார்கள். சுத்தியலால் தட்டிச் செதில் உதிர்த்த பிறகுதான் பிளாஸ்டிங். வெறும் இரும்பு தெரிந்த பிறகுதான் எவ்வளவு வெட்டவேண்டும் என்றே முடிவு செய்தார்கள். நல்ல இரும்பு வருகிற வரைக்கும் வெட்டி, சேனல் கனத்துக்குச் சமமான தகடு வைத்தார்கள். மேலே வலுவுக்கு வைத்த தகட்டின் முனைகளை நேராக வெட்டாமல் சரிவாக வெட்டினார்கள். சேனலுக்குக் குறுக்கே நேர்க்கோட்டில் வெல்டு ஓடினால் அந்தக் கோட்டிலேயே பாரம் குவிந்து விரிசல் விடும் என்று அந்தப் பெரியவர் சொன்னார். பிளாஸ்டிங் முடிந்த இரும்பு ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே மேலாகத் துரு பூக்கும், அதனால் பிரைமரை அன்றைக்கே அடித்துவிட்டார்கள். சேனலின் உட்புறத்துக்கு நீளமான குழாய் விட்டு மெழுகு பீச்சினார்கள், தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைக்காமல் விட்டார்கள். பலர் கோட்டைவிடுவது இந்தக் கடைசி இரண்டில்தான். சேனல் அரிப்பது பெரும்பாலும் உள்ளே இருந்துதான்.

பாடி பொருத்தியதிலும் முதல் பட்டறை கைவரிசை காட்டியிருந்தது. பாடி போல்ட்டுகளில் சில அசல் இல்லை, கடையில் கிடைக்கிற சாதாரண மரை கம்பியை வெட்டி நட்டுப் போட்டிருந்தார்கள். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் வரவேண்டிய ரப்பர் மெத்தைகள் இரண்டு இடத்தில் கிடையாது, இரும்பும் இரும்பும் உரசித்தான் அந்த முனகல். பாடியையும் சேசிஸையும் மின்சாரத்துக்கு இணைக்கும் எர்த் பட்டையை மாட்டவே இல்லை, லைட் கோளாறுக்கு அதுதான் காரணம். பெட்ரோல் ஊற்றும் குழாயின் எர்த் ஒயரும் தொங்கிக்கொண்டிருந்தது. அது நிலைமின்சாரத்தை இறக்கிவிடுவதற்காக இருப்பது, இல்லாவிட்டால் எரிபொருள் போடுகிற இடத்தில் பொறி கிளம்பலாம். பின் பிரேக் லைன் ஒரு இடத்தில் பாடிக்கு அடியில் மாட்டி நசுங்கியிருந்தது. "துரு இல்லாத பாடி" என்று வாங்கிப் போட்டதன் தரையிலும் ஓட்டைகளை வலை வைத்து அடைத்து ஸ்பிரே லைனரால் மறைத்திருந்தார்கள்.

முதல் பட்டறைக்காரரிடம் திரும்பப் போய்க் கேட்டபோது பதில் தயாராக இருந்தது. "பழைய வண்டி சார், துரு வரத்தான் செய்யும். பாடிக்குத்தான் கேரண்டி குடுத்தோம்." பில்லை எடுத்துக் காட்டினார். "சேசிஸ் வேலை – மொத்தம்" என்று ஒரே வரி. பிளாஸ்டிங் இல்லை, தகட்டுக் கனம் இல்லை, பிரைமர் பெயர் இல்லை. வாயால் சொன்ன ஒன்றும் அதில் இல்லை. இலவசமாக இன்னொரு கோட் அடித்துத் தருகிறேன் என்றார். இரண்டாவது மெக்கானிக் கையெழுத்திட்ட அறிக்கையும், பூச்சை உரிக்க உரிக்க எடுத்த படங்களும், பட்டறைக்காரர் அனுப்பிய அந்த வேறு வண்டியின் படமும் மேசைக்கு வந்த பிறகுதான் குரல் இறங்கியது. சேசிஸ் வேலைக்கான பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். பாக்கிக்கு இன்னும் இழுத்தடிக்கிறார், நானும் விடுவதாக இல்லை.

பேரம் பேசும்போதே பணத்தை மூன்று கட்டமாகப் பிரியுங்கள். பாடி இறங்கியதும் ஒன்று, பிளாஸ்டிங் முடிந்து வெறும் இரும்பை நீங்கள் நேரில் தொட்டுப் பார்த்ததும் ஒன்று, பாடி ஏறியதும் மீதி. நடுவில் உள்ளதுதான் முக்கியம். அந்த நிலையைக் காட்ட மறுக்கிற பட்டறை அந்த வேலையைச் செய்யப்போவதில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்புகிற படத்தில் சேசிஸில் பொறித்த எண் தெரியவேண்டும் என்று கேளுங்கள், பிளாஸ்டிங்கிலும் கிரைண்டரிலும் அந்த எண் அழியாமல் மூடி வைக்கச் சொல்லுங்கள். எங்கே வெட்டுகிறார்கள், எத்தனை மில்லிமீட்டர் தகடு, என்ன பிரைமர் என்பதெல்லாம் பில்லில் வரட்டும். வெட்டி எடுத்த பழைய துண்டுகளை உங்களிடமே தரவேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது யாருடைய வண்டியாவது பின்பாடி இல்லாமல் ஏதோ ஒரு பட்டறையில் நிற்கிறது என்றால், கறுப்புப் பூச்சு ஏறுவதற்குள், இன்றைக்கே ஒரு சுத்தியலும் காந்தமும் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.