பிங் காட்டி 650 டாலரை வாங்கிப் போய்விட்டார்: டிஎன்எஸ் வேலைக்கு ஆள் தேடுபவர்கள் கவனிக்கவும்

நேற்று நடந்தது, கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக வராது. 650 டாலர் போய்விட்டது.

அலுவலக சர்வர்கள் எல்லாம் மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷ்யூரில் உள்ள டேட்டாபேஸை பிரைவேட் எண்ட்பாயிண்ட் (பொது இணையத்தில் போகாமல் உள் ஐபி முகவரியில் அடையும் வழி) வழியாகப் பெயர் சொல்லி அடைய வேண்டும். அலுவலகத்தையும் அஷ்யூரையும் இணைக்கும் விபிஎன் ஏற்கெனவே ஓடுகிறது, பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும்தான் பாக்கி. ஃப்ரீலான்சர்களைப் பிடித்துத் தரும் ஒரு தளத்தில் நல்ல ரேட்டிங் உள்ள ஒருவரை எடுத்தேன்.

வேலை முடிந்தது என்று ஸ்கிரீனைப் பகிர்ந்தார். அப்ளிகேஷன் சர்வரிலிருந்து டேட்டாபேஸ் பெயருக்கு பிங் (ஒரு மெஷின் பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தார், பிரைவேட் ஐபி வந்தது. "பிங்குக்குப் பதில் வராது சார், அது அப்படித்தான், ஐபி சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க" என்றார். அது உண்மை. அந்த உண்மையைச் சொன்னதால்தான் ஆளையே நம்பினேன். அப்ளிகேஷனும் கனெக்ட் ஆனது, அங்கேயே 650 டாலரை விடுவித்துவிட்டேன்.

மறுநாள் காலை மற்ற எந்த சர்வரில் கேட்டாலும் டைம் அவுட். தோண்டிப் பார்த்தால், அந்த ஒரு சர்வரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (அந்த மெஷினுக்கு மட்டும் செல்லும் பெயர், ஐபி பட்டியல்) பெயரையும் ஐபியையும் கையால் எழுதி வைத்திருக்கிறார்! பிங் அந்த ஃபைலைப் பார்க்கும், டிஎன்எஸ்ஸைச் சோதிக்கும் கட்டளையான என்எஸ்லுக்கப் பார்க்காது, நேராக டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். கடைசிவரை அவர் என்எஸ்லுக்கப் பக்கம் போகாததற்குக் காரணம் இப்போது புரிகிறது. எங்கள் டிஎன்எஸ் சர்வரில் கண்டிஷனல் ஃபார்வர்டரை (குறிப்பிட்ட பெயர்களுக்கான கேள்வியை வேறு டிஎன்எஸ் சர்வருக்கு அனுப்பும் அமைப்பு) நேராக அஷ்யூரின் சொந்த டிஎன்எஸ் முகவரியான 168.63.129.16-க்குத் திருப்பியிருக்கிறார். அது அஷ்யூர் நெட்வொர்க்குக்குள் இருக்கும் மெஷினுக்குத்தான் பதில் தரும், விபிஎன் வழியாக வெளியிலிருந்து கேட்டால் வராது.

மெசேஜ் போட்டேன். "ப்ரொபகேஷன் ஆக 48 மணி நேரம் ஆகும்" என்றார். அது டிஎன்எஸ் மாற்றம் இணையம் முழுக்கப் பரவுவது; உள்ளுக்குள் ஃபார்வர்ட் ஆகும் கேள்விக்கு என்ன ப்ரொபகேஷன்? அப்புறம் "உங்க ஃபயர்வால் பிரச்சினை". அப்புறம் பதிலே இல்லை. தளத்தில் முறையிட்டால், பணத்தை நீங்களே விடுவித்துவிட்டீர்கள், நாங்கள் தலையிட முடியாது என்று ஒரே பதிலை மூன்று முறை ஒட்டுகிறார்கள். 650 டாலர், அவர்களுக்கு ஒரு டிக்கெட் நம்பர்.

விரிவாக எழுத நினைத்தேன், நேரமில்லை, சர்வர்கள் இன்னும் கிடக்கின்றன. பிங்கை நம்பாதீர்கள், என்எஸ்லுக்கப் கேளுங்கள், அதுவும் குறைந்தது இரண்டு சர்வரிலிருந்து. ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். ஃபார்வர்டர் போய்ச் சேரும் ஐபி உங்கள் கிளவுட் நெட்வொர்க்குக்குள் இருந்து டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தரும் ரிசால்வருடையதா என்று கேளுங்கள். டிஎன்எஸ் பயன்படுத்தும் போர்ட் 53, யுடிபி, டிசிபி இரண்டும் திறந்திருக்கட்டும். இரண்டு நாள் ஓடிய பிறகே பணத்தை விடுவியுங்கள்.