இருட்டைக் கெடுக்காத அச்சு: ஜான் பாவெரின் ‘தூவ்ஸ்தார்’ ஓவியப்படி

சுவீடன் ஓவியர் ஜான் பாவெர் 1913இல் வரைந்த இளவரசி தூவ்ஸ்தார் ஓவியத்தின் அச்சுப்படியை இணையவழி வாங்கி, காரைக்குடியில் சட்டமிட்டு, எங்கள் வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரப் பகுதியில்) மாட்டியிருக்கிறோம். இருட்டையே உயிராகக் கொண்ட இந்த ஓவியத்தை வாங்க நினைப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

மூலம் நீர்வண்ணத்தில் தீட்டப்பட்டது. மால்மோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உச்சி தெரியாத ஊசியிலை மரங்களுக்கிடையே ஒரு கரிய நீர்நிலை. அதன் கரையில், நீண்ட பொன்னிறக் கூந்தலுடன் வெளிறிய சிறு உருவமாக இளவரசி குனிந்து நீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்க் மானின் முதுகில் ஏறி உலகம் பார்க்கப் புறப்பட்டவள், வழியில் கிரீடத்தையும் ஆடையையும் இழந்து, கடைசியில் கழுத்தில் அணிந்திருந்த பொன் இதயத்தையும் அந்த நீரில் தவறவிட்டுத் தேடிக்கொண்டே இருக்கிறாள் என்பது கதை. கதை தெரியாத என் அப்பத்தா படத்தைப் பார்த்ததும், “பிள்ளை எதையோ தொலைச்சுட்டுல்ல உக்காந்திருக்கு” என்றார்கள். ஓவியரின் திறமைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்!

செட்டிநாட்டு வீடுகளில் பழகிய ரவிவர்மா அச்சுப்படங்களில் தெய்வ உருவம் முன்னே ஒளியோடு நிற்கும். பார்த்தவுடன் கண் அங்கே போய்விடும். பாவெரின் காட்டிலோ இருட்டுக்குக் கண் பழகிய பிறகுதான் மரத்தூர்களுக்குப் பின்னாலிருந்து கசியும் மங்கலான ஒளி புலப்படுகிறது. கதைகளுக்காக அவர் வரைந்த பூதங்களும் அப்படித்தான். பாசி படர்ந்த பாறையா பூதமா என்று முதலில் தெரியாதபடி, காட்டின் நிறத்திலேயே அவற்றை வரைந்தார். வேட்டர்ன் ஏரிக்கரை நகரமான யோன்ஷோப்பிங்கில் 1882இல் பிறந்த அவர், 1918 நவம்பரில் அதே ஏரியில் கப்பல் மூழ்கி, மனைவியோடும் சின்னஞ்சிறு மகனோடும் இறந்துபோனார். சில வாரங்களுக்கு முன் நடந்த பெரிய ரயில் விபத்துக்கு அஞ்சித்தான் கப்பலில் ஏறினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அவர் இறந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டதால் காப்புரிமை இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாம். ஆகவே தரம் கடைக்குக் கடை மாறுகிறது. உறவினர் ஒருவர் வேறோர் இடத்தில் வாங்கிய படியில், வெளிச்சத்தை ஏற்றி நீரைப் பச்சையாக்கி, பளபளப்புத் தாளில் அடித்திருந்தார்கள்; காடே பூங்காவாகிவிட்டது. எங்களுக்கு வந்தது பளபளப்பில்லாத தடித்த பருத்தித் தாள். மரத்தூர்களின் பழுப்பும் நிழலின் கருமையும் ஒன்றோடொன்று கலந்து அப்பிப்போகாமல் தனித்தனியே நிற்கின்றன. கூந்தலின் பொன்னிறம் மஞ்சளாகக் கத்தவில்லை. ஆனால் கீழ் ஓரத்தில் படத்தைச் சற்று வெட்டிவிட்டார்கள். நீர்ப்பரப்பு குறைந்தால் இந்த ஓவியத்தின் ஆழமும் குறைகிறது என்பதால் இது சிறிய குறையன்று. வாங்குமுன் மூலப்படத்தோடு ஓரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சட்டத்துக்குப் பழைய தேக்கையே கேட்டு வாங்கினோம். மெருகேற்றாமல், எண்ணெய் மட்டும் தேய்த்த மரம் இதற்கு மிகப் பொருத்தம். தங்கப்பூச்சுச் சட்டம் கூந்தலின் பொன்னிறத்தை மங்கடித்துவிடும். படத்தைச் சுற்றி வெள்ளை அட்டைக்குப் பதில் சந்தன நிற அட்டை வைத்தது நல்லதாயிற்று.

கண்ணாடிதான் சிக்கல். சாதாரணக் கண்ணாடி போட்டதால், வளவின் திறந்த முற்றத்திலிருந்து வரும் பகல் வெளிச்சத்தில் காட்டுக்குப் பதிலாக எதிர்த் தூண்கள்தாம் தெரிந்தன. முற்றத்தை நேராகப் பார்க்காத பக்கச் சுவருக்கு மாற்றிய பிறகே படம் படமாகத் தெரிகிறது. வெயில் நேரே விழும் சுவரானால், கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் எதிரொளிக்காத கண்ணாடியை முதலிலேயே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.