ஸ்லாபுக்குள் நாணயம்: பன்னிரண்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் தொகுப்பு முழுவதும் ஆல்பங்களிலும் அட்டை உறைகளிலும் இருந்தது. இன்று அதில் ஏறத்தாழ பாதி, தரச்சான்று நிறுவனங்கள் நாணயத்தை வைத்து மூடித் தரும் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள், அதாவது சேகரிப்பாளர்கள் ஸ்லாப் என்று சொல்லும் ஹோல்டருக்குள் இருக்கிறது. அசலா போலியா என்ற ஐயம் தீர்வதைப் பற்றியும், விற்கும்போது கிடைக்கும் வசதியைப் பற்றியும் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. மேசையில் எடுத்து வைத்துப் பார்க்கும்போது ஸ்லாப் நாணயத்தின் அழகைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்பதுதான் இத்தனை ஆண்டுகளாக என்னை விடாமல் தொடர்ந்த கேள்வி. அதற்கான விடை, தரத்தையும் நிறுவனத்தையும் விட, பெரும்பாலும் நாணயத்தின் விட்டத்தில் இருக்கிறது என்ற முடிவுக்கு நான் வந்து சில காலம் ஆகிறது.

இந்த உறைகள் காட்சிக்காக உருவானவை அல்ல என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். ஒரே நாணயத்துக்கு வாங்கும்போது ஒரு தரமும் விற்கும்போது வேறொரு தரமும் சொல்லப்பட்டுவந்த அமெரிக்கச் சந்தையில், 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி ஆகிய தரச்சான்று நிறுவனங்கள், தரம் பார்த்த நாணயத்தை யாரும் மாற்றிவிட முடியாதபடி மூடிக் கொடுக்கும் வேலையைத் தொடங்கின. பிளாஸ்டிக்கின் இரு பாதிகளும் மீயொலி அதிர்வால் ஒட்டப்படுவதால், உடைக்காமல் திறக்க வழியில்லை. நாணயத்தைப் பூட்டி வைப்பதற்காக வடிவமைத்த பொருளை நாம் பின்னாளில் அலங்காரச் சட்டமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டோம். என் மனக்குறைகளில் பல இந்த ஒரு காரணத்திலிருந்து பிறந்தவை.

முதலில் ஸ்லாப் நன்றாகப் பொருந்தும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மார்கன் டாலர் 38.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள, கனத்த பழைய அமெரிக்க வெள்ளி நாணயம். ஸ்லாபின் நடுவில் அது அமரும்போது நான்கு பக்கமும் அளவான இடைவெளி விழுகிறது. நாணயத்தைச் சுற்றி எதுவும் வீணாக இருப்பதாகத் தோன்றுவதில்லை. என்னிடம் உள்ள ஒன்பது மார்கன் டாலர்களையும் வரிசையாக வைத்தால், ஆல்பத்தில் இருந்தபோது இல்லாத ஒரு மிடுக்கு அவற்றுக்கு இருக்கிறது. விரல் படும் என்ற பயமில்லாமல் எவர் கையிலும் கொடுக்க முடிவது இன்னொரு பெரிய நன்மை. ஆல்பம் இருந்த காலத்தில் விருந்தினர் கை நீட்டினாலே எனக்கு நெஞ்சு படபடக்கும்.

அதே உறையில் விக்டோரியா காலத்து மூன்று பென்ஸ் வெள்ளிக்காசை வைத்தால் கதை மாறிவிடுகிறது. அதன் விட்டம் வெறும் 16 மில்லிமீட்டர். உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக்கின் நடுவில் ஒரு பொத்தான் போல அது கிடக்கிறது. அரசியின் முகத்தைத் தேடிக் கண் போவதற்குள் மேலே உள்ள லேபிளின் எழுத்துகள் கண்ணை இழுத்துவிடுகின்றன. கையில் எடுத்து விளக்கருகே பிடித்தால் கொள்ளை அழகான காசு அது. உறைக்குள் போன பிறகு மூன்று ஆண்டுகள் நான் அதை ஒருமுறைகூட விரும்பி எடுத்துப் பார்க்கவில்லை என்பதை, அதை வெளியே எடுத்த நாளில்தான் உணர்ந்தேன்.

உறைக்குள் நாணயத்தைப் பிடித்திருக்கும் உள்தளத்தின் நிறமும் சாதாரண விஷயம் அல்ல. என்ஜிசி தன் முதல் உறைகளில் கறுப்புத் தளத்தை வைத்துவிட்டு, விரைவிலேயே வெள்ளைக்கு மாறியது. வெள்ளைத் தளம் படம் பிடிக்க வசதியானது, பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் செம்பும் வெண்கலமும் அதனருகில் இன்னும் கறுத்துத் தெரிகின்றன. அரையும் குறையுமாகச் செந்நிறம் தங்கியிருந்த என் வெண்கலப் பென்னி ஒன்று, வெள்ளைத் தளத்தில் வந்தபோது பழைய தேநீர்க் கறை போலத் தோன்றியது. நாணயத்தை ஒளி ஊடுருவும் வளையத்தால் பிடித்திருக்கும் உறையில் இந்தச் சிக்கல் குறைவு. அடியில் எந்த நிறத் துணியை விரிக்கிறோமோ அதுவே பின்னணியாகிவிடும். வானவில் நிறம் படிந்த வெள்ளி நாணயத்துக்குக் கருநீலத் துணியை விரித்துப் பாருங்கள். வெள்ளைத் தளத்தை அதன்பின் மனம் ஏற்காது.

பழைய வெள்ளி நாணயத்தின் உயிர் அதன் பளபளப்பில் இருக்கிறது. சாய்த்துத் திருப்பும்போது ஒளிக்கீற்றுகள் வண்டிச்சக்கரத்தின் ஆரங்களைப் போலச் சுழல வேண்டும். ஸ்லாபைச் சாய்த்தால் பிளாஸ்டிக்கின் பிரதிபலிப்பும் கூடவே ஓடுகிறது. விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்தி வைத்து, எந்தக் கோணத்தில் பிளாஸ்டிக் அடங்கி நாணயம் மட்டும் மின்னும் என்று கண்டுபிடிக்கப் பழக வேண்டும். எனக்கு அது கைவர ஓராண்டு ஆயிற்று. அதைவிட ஏமாற்றக்கூடியவை உறையின் மேற்பரப்பில் விழும் மெல்லிய கீறல்கள். துணியால் தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்ட நாணயத்தின் மயிரிழைக் கோடுகள் போலவே அவை தெரியும். இந்தக் குழப்பத்தால் நல்ல நாணயம் ஒன்றை வேண்டாம் என்று நான் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை மிக மெதுவாக உயர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: கோடு தெளியும்போது நாணயத்தின் எழுத்துகள் மங்கினால், அது பிளாஸ்டிக்கின் கீறல். பிளாஸ்டிக்குக்கான மெருகுப் பசையைப் பஞ்சில் தொட்டு நிதானமாகத் தேய்த்தால் பெரும்பாலானவை மறைந்துவிடுகின்றன. உறைக்கு உள்ளே சிக்கிய துரும்புக்குத்தான் மருந்தில்லை. எனக்கு வந்த ஓர் உறையில் அரசரின் மூக்கு நுனிக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் துகள் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்காமல் அந்த நாணயத்தைப் பார்க்க என்னால் இன்றுவரை முடியவில்லை.

லேபிளுக்கு வருகிறேன். வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்கப் பெரிய செண்ட் நாணயங்களுக்காக வகுத்த ஒன்று முதல் எழுபது வரையிலான தர அளவுகோல், அடிப்படையில் விலை விகிதத்திலிருந்து பிறந்தது. அந்த எண்தான் இன்று ஒவ்வொரு உறையின் தலையிலும் பெரிதாக அச்சாகியிருக்கிறது. ஒருமுறை நண்பர் ஒருவரிடம் என் மிகச் சிறந்த டாலரைக் கொடுத்தேன். அவர் நாணயத்தின் முகத்தைக்கூடப் பார்க்காமல், லேபிளின் எண்ணைப் பார்த்து, "அறுபத்து நான்குதானா? ஐந்து கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். அன்று மாலை லேபிளை மறைக்கும் அளவில் அட்டைத் துண்டுகள் வெட்டி எல்லாவற்றின் மீதும் செருகி வைத்தேன். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம், ஆனால் அதன் பிறகு வந்தவர்கள் டாலரில் உள்ள கழுகின் சிறகைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் பேசினார்கள்.

பல ஆண்டுகளில் சேர்த்தால் வரும் இன்னொரு தொல்லை, உறைகள் ஒன்றுபோல் இல்லாமை. பச்சை லேபிள், நீல லேபிள், தடித்த விளிம்பு, மெல்லிய விளிம்பு என்று தலைமுறைகள் கலந்துவிட, இருபது உறை கொள்ளும் பெட்டியில் பத்தொன்பதோடு மூடி நிற்கிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிசிஜிஎஸ்ஸின் முதல் உறைகளில் நாணயம் இறுக்கமாக நிற்காமல் ஆடி ஓசை எழுப்பியதால் அவற்றைக் கிலுகிலுப்பை என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். இன்று அந்தக் குறையுள்ள உறைக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அன்று கறாராகத் தரம் போட்டார்கள் என்ற நம்பிக்கை அதற்கு ஒரு காரணம். ஆனாலும் நாணயத்தை விட்டுவிட்டுப் பெட்டியைச் சேகரிப்பது எனக்குச் சற்று அதிகமாகவே படுகிறது.

விளிம்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பெரிய குறை. 1893 முதல் 1900 வரையிலான பிரிட்டிஷ் கிரவுன் நாணயத்தின் விளிம்பில், 'அழகும் காப்பும்' என்று பொருள்படும் லத்தீன் தொடரும், ஆட்சியாண்டின் ரோமானிய எண்ணும் எழுத்துப் புடைப்பாக இருக்கும். விக்டோரியாவின் ஆட்சியாண்டு ஜூன் 20ஆம் நாள் மாறியதால், ஒரே 1893ஆம் ஆண்டு நாணயத்திலேயே 56 என்றும் 57 என்றும் இரு வகைகள் உண்டு. வளையம் முழுவதுமாகச் சுற்றிப் பிடிக்கும் உறைக்குள் போனால் அந்த எழுத்து முற்றிலும் மறைந்துவிடும். பின்னாளில் சிறு கவ்விகளால் பிடித்து விளிம்பைக் காட்டும் உறைகள் வந்தன. அவற்றிலும் கவ்வி நிற்கும் இடத்தில் ஓரிரு எழுத்துகள் ஒளிந்துகொள்கின்றன.

என் 1893 கிரவுனை நானே உடைத்து எடுத்தேன். உறையைத் துணியில் சுற்றி, மூலையில் குறடு வைத்து அழுத்தியபோது பிளாஸ்டிக் எதிர்பாராமல் பிளந்து, நாணயம் துள்ளி மேசை விளிம்பில் மோதியது. அரசியின் தலைக்குப் பின்புறம் விளிம்பில் ஊசிமுனை அளவு பள்ளம் ஒன்று விழுந்தது. அவசரப்பட்டது என் தவறு. மூலைகளைச் சிறிது சிறிதாக நறுக்கியிருக்க வேண்டும். அந்த நாணயம் இப்போது திருகித் திறக்கும் வட்டமான தெளிந்த குப்பியில் இருக்கிறது. விளிம்பைப் பிடித்துத் திருப்பி எண்ணைப் படிக்க முடிகிறது, பள்ளமும் தெரிகிறது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை ஸ்லாப் காற்றுப் புகாத பெட்டி அல்ல என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நான் பெட்டிக்குள் வைத்து அவ்வப்போது மாற்றுகிறேன். பழைய மென்மையான பிவிசி உறைகள் விட்டுச்சென்ற பச்சைப் பிசுபிசுப்பைப் பார்த்தவர்களுக்கு, இந்தக் கெட்டிப் பிளாஸ்டிக் எவ்வளவோ மேல் என்பதில் ஐயம் இருக்காது.

இருபது மில்லிமீட்டருக்குக் குறைவான காசுகள் அனைத்தையும் இப்போது மீண்டும் ஆல்பத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். சான்று லேபிள்களைத் தனி உறையில் எண் வாரியாக வைத்திருக்கிறேன். பெரிய வெள்ளி நாணயங்கள் ஸ்லாபிலேயே இருக்கின்றன. அடுத்து அனுப்பவிருக்கும் இரண்டு டாலர்களும் முன்பு வந்த ஒன்பதும் ஒரே பெட்டியில் அடங்குமா என்று அளந்து பார்த்தேன். புதிய உறை ஒரு மயிரிழை தடிப்பாக இருக்கிறது.